பெரியவள் காலத்து ஆபீஸ், சின்னவன் காலத்து ஆபீஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெயரைப் போடப் போவதில்லை. திருச்சிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகம், அவ்வளவுதான். பையனுக்கு இன்னும் மூன்று செமஸ்டர் பாக்கி இருக்கிறது, நான் எழுதியதை யாராவது அங்கே காட்டி அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்தால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளையைச் சேர்க்க யோசிக்கிற எல்லோரும் கட்டடம் எப்படி, பிளேஸ்மென்ட் எப்படி, ஹாஸ்டல் எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள். ஆபீஸ் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்றால், ஒரே இடத்தில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தவன். பெரியவள் 2016-லிருந்து 2020 வரை, சின்னவன் 2023-லிருந்து. நடுவில் மூன்றே வருடம். அந்த மூன்று வருடத்தில் அந்த இடம் வளர்ந்த வேகத்துக்கு எங்கள் தோப்பில் எதுவும் வளர்ந்ததில்லை. மார்க் போடச் சொன்னால் பாடம் நடத்துவதற்கு ஐந்துக்கு நாலு, பஸ்ஸுக்கு நாலு, கேன்டீனுக்கு மூன்று, ஆபீசுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையில் ஒரு மார்க் ஜன்னலில் இருக்கிற ஒரே ஒரு அம்மாவுக்கு. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னை, கொஞ்சம் நெல். 2016-ல் பெரியவளைச் சேர்க்கப் போனபோது ஆபீஸ் என்பது ஒரு நீளமான ஓட்டு ஹால். கம்பி போட்ட மூன்று ஜன்னல், உள்ளே மேசை மேல் பச்சை அட்டை லெட்ஜர், வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு சிமென்ட் பெஞ்ச். ஹாலின் கடைசியில் பதிவாளர் அறை. கதவு திறந்தே இருக்கும், மின்விசிறி சுற்றுகிற சத்தம் வெளியே கேட்கும், யார் வேண்டுமானாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊர்க்காரர்கள் ஆபீஸ் என்றாலே கழற்றிவிடுகிறோம், அது வேறு கதை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் தோப்பில் நின்ற மரங்களைவிடச் சாய்ந்த மரங்கள் அதிகம். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது, அது கைக்கு வருவதற்குள் மகளுக்கு அடுத்த செமஸ்டர் பணம் கட்டவேண்டிய தேதி வந்துவிட்டது. பஸ் ஓட ஆரம்பித்த பிறகு நான் போனேன். பதிவாளர் என் விண்ணப்பத்தைப் படிக்கக்கூட இல்லை, எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். பேராவூரணி என்றேன். சிவப்பு மையில் ஓரத்தில் ஒரு வரி எழுதினார். “மரம் போச்சுன்னா மனுஷன் என்னங்கய்யா பண்ணுவான். அறுவடை முடிஞ்சு மார்ச்சுக்குள்ள கட்டுங்க. பொண்ணு பரீட்சை எழுதட்டும்.” அந்த ஒரு வரியைக் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்தேன், லெட்ஜரில் என் மகள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்கள். வேலை முடிந்தது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். எங்கள் தாலுகாவிலிருந்து படித்த பிள்ளைகள் பலருக்கு அந்த வருடம் அந்தச் சிவப்பு மை கிடைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தத் தைரியத்தில்தான் 2023-ல் பையனையும் அங்கேயே சேர்த்தேன். போய் இறங்கியதும் ஊர் தவறி வந்துவிட்டேனோ என்றிருந்தது. வாசலில் கோபுரம் மாதிரி நுழைவாயில், உள்ளே நீரூற்று, கண்ணாடிக் கட்டடம். சேர்க்கை அலுவலகத்துக்கு என்று தனியாக ஒரு தளம், குளிர்சாதனம், சோபா, கேட்காமலே காபி. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. ஒரு பெண் டேப்லெட்டை வைத்துக்கொண்டு எங்களோடு லேப் லேபாக நடந்து காட்டினார், “அங்கிள், நீங்க எப்ப வேணும்னாலும் எனக்கு கால் பண்ணலாம்” என்றார். பணம் கட்டிய மறுவாரத்திலிருந்து அந்த நம்பர் எடுக்கவில்லை. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யார் நான் யார் என்று சும்மாவா சொன்னார்கள்.

வளர்ச்சியைக் குறை சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்கிறார்கள், நல்ல நிறுவனங்களுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-லிருந்து எடுத்தும்விட்டது. மகள் காலத்தில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன், அவ்வளவுதான். இப்போது பையன் இருப்பது எச் செக்‌ஷனில், அதற்குப் பிறகும் எழுத்து இருக்கிறது. பஸ் வரிசையாகக் கிளம்பும்போது பார்த்தால் பட்டுக்கோட்டை மொய்விருந்துக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்கும். அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை: காலை 6.20 என்றால் 6.20, மழையானாலும். ஓட்டுநர் பையன்களை வாடா போடா என்பார், பெண்பிள்ளைகள் இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்புகிற வரை வண்டியை எடுக்க மாட்டார். வாத்தியார்களும் நல்லவர்கள். பையனுக்குக் கணக்கு நடத்துகிறவர் இரவு ஒன்பது மணிக்குக்கூட வாட்ஸப்பில் சந்தேகம் தீர்க்கிறார். நூலகம் இரவு வரை திறந்திருக்கிறது. கேன்டீனில் தயிர்சாதம் நன்றாக இருக்கும், சாம்பாரைத் தொடாதீர்கள்.

சரி, ஆபீஸ்.

பழைய ஓட்டு ஹால் இப்போது இல்லை. வேப்ப மரமும் இல்லை. புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மாணவர் சேவை மையம் என்று ஆங்கிலத்தில் போர்டு. டோக்கன் மெஷின் இருக்கிறது. கவுண்டர் எத்தனை என்று நினைக்கிறீர்கள்? மூன்று. பிள்ளைகள் நாலு மடங்கு ஆகியிருப்பார்கள், ஜன்னல் அதே மூன்றுதான், கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நான் முதன்முதலில் போன அன்று ஒன்றில் ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை’ என்று பேப்பர் ஒட்டியிருந்தது, ஒன்றில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். பதிவாளர் ஆறாவது மாடிக்குப் போய்விட்டார். லிஃப்டில் கார்டு தேய்த்தால்தான் ஆறாவது மாடி வரும். நமக்குக் கார்டு கிடையாது. அந்தச் சிவப்பு மைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குப் பிறகு இப்போது இருப்பவர் மூன்றாமவர் என்றார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் டீன் மட்டும் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். மாணவர் நலனுக்கு ஒரு டீன், ஆராய்ச்சிக்கு ஒரு டீன், வெளிநாட்டுத் தொடர்புக்கு ஒரு டீன். மாடிப்படி ஏறும்போது கதவுகளில் வெண்கலப் பெயர்ப்பலகையாக வரும். டீன் பலகை கூடக்கூட கீழே கிளார்க் நாற்காலி குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

2024 டிசம்பரில் நடந்தது இது. செமஸ்டர் பணம் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 10 என்று செயலியில் செய்தி வந்தது, தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அபராதம். தேதி வைத்தவருக்கு டெல்டாவில் நெல் எப்போது அறுப்பார்கள் என்று தெரியாது போலிருக்கிறது. சம்பா அறுவடை பொங்கலை ஒட்டித்தான், அதற்குப் பிறகு கொள்முதல் நிலையத்தில் மூட்டையை வரிசையில் போட்டுக் காவல் காத்து, எடை போட்டு, பணம் கணக்கில் ஏற மாசி பிறந்துவிடும். அந்த வருடம் சன்ன ரகம் குவிண்டால் 2,450 ரூபாய் என்று விலை இருந்தது, விலை இருந்து என்ன, நவம்பர் கடைசியில் பெய்த மழையில் வயல் முழுக்கத் தண்ணீர். தென்னை என்று பார்த்தால் கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் அப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருந்தன. கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து டிசம்பர் 25 அன்று கட்டினேன். பதினைந்து நாள் அபராதம் 1,500 சேர்த்து. தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்க ஒரு ஆள்கூட இல்லையா என்றால், இருந்தது, ஆள் இல்லை, உதவி மையத்தின் மின்னஞ்சல். எழுதினேன். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று அரை நிமிஷத்தில் பதில் வந்தது. அதுதான் முதலும் கடைசியும்.

பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது. போர்ட்டலில் ஏறவில்லை. மறுநாள் பார்த்தால் அபராதம் 1,600 என்று காட்டுகிறது, அதற்கு மறுநாள் 1,700. பையன் பயந்துபோய் அபராதத்தை மட்டும் தனியாகக் கட்டிப் பார்த்தால் திறக்குமோ என்று என்னைக் கேட்காமல் இன்னொரு 1,500 கட்டிவிட்டான். அதுவும் ஏறவில்லை. ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. பணம் ஏறாததால் செமஸ்டர் பதிவு ஆகவில்லை, பதிவு ஆகாததால் வருகைப் பட்டியலில் பெயர் வரவில்லை. பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், வாத்தியார் அவனைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார், கேள்வி கேட்கிறார், பதிலும் சொல்கிறான், ஆனால் கணக்குப்படி அவன் அங்கே இல்லை. 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது என்ற செய்தி மட்டும் வாராவாரம் தவறாமல் வந்தது.

முதல் தடவை நேரில் போனபோது டோக்கன் 147. ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தம்பி, இருபத்து மூன்று இருபத்து நாலு வயதிருக்கும், நல்ல பிள்ளைதான், “சார், போர்ட்டல்ல டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க சார்” என்றார். பண்ணியாயிற்று தம்பி என்றேன். “அப்ப வெயிட் பண்ணுங்க சார்.” எத்தனை நாள்? “அது மேல பாக்குறாங்க சார்.” மேலே யார்? அவருக்கே தெரியவில்லை. மென்பொருள் சென்னையில் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியோடு பேசுவது ஐ.டி. பிரிவு, ஐ.டி. பிரிவுக்குச் சொல்லவேண்டியது கணக்குப் பிரிவு, கணக்குப் பிரிவு இருப்பது வேறு கட்டடம், அங்கே போனால் பெற்றோர்களை இங்கே பார்ப்பதில்லை, சேவை மையத்துக்குப் போங்கள் என்றார்கள். இரண்டாவது தடவை போனபோதும் இதே சுற்று, இன்னும் கொஞ்சம் வேகமாக, வழி தெரிந்துவிட்டதால்.

மூன்றாவது தடவை நேராகக் கடைசி ஜன்னலுக்குப் போனேன். தலை நரைத்த ஒரு அம்மா. எங்கேயோ பார்த்த முகம். அவர்தான் அன்று லெட்ஜரில் பென்சில் புள்ளி வைத்தவர்! எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது, அவருக்கு என்னைத் தெரியவில்லை, ஆனால் பெரியவள் பெயரைச் சொன்னதும் எந்த வருடம், எந்தத் துறை, எந்த ஹாஸ்டல் என்று அவரே சொன்னார். டோக்கன் கேட்கவில்லை. பாஸ்புக்கைக் கேட்டார். பணம் அனுப்பியதற்கு வங்கி கொடுக்கிற யூ.டி.ஆர். நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மேசைக்கு அடியிலிருந்து வங்கி அறிக்கையின் அச்சுக் கட்டு ஒன்றை எடுத்தார், நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், மரத்தாலான அடி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும். ஒரு இடத்தில் ஸ்கேல் நின்றது. “வந்துருச்சுய்யா உங்க பணம். டிசம்பர் 25. பேருல ஒரு எழுத்து மாறிப்போயி தனியா நிக்குது.” கணினியில் ஏதோ தட்டினார், பையன் போனில் பச்சை டிக் விழுந்தது. ஏழு நிமிஷம். ஒன்பது நாள் வருகையைச் சேர்க்க வாத்தியார்களிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லிப் படிவமும் அவரே நிரப்பிக் கொடுத்தார்.

நான் கிளம்பாமல் நின்றதால் அவரே பேசினார். “முன்னாடி அந்த ஹால்ல பதினோரு பேருய்யா. இப்ப ஆறு. மீதிய சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு சொல்லிட்டாங்க. அது பாக்குறத பாத்துக்க நாங்க.” இந்த அச்சுக் கட்டுகூட அவர் சொந்தமாக மாதாமாதம் எடுத்து வைப்பதாம், எடுக்கச் சொல்லி உத்தரவு எதுவும் கிடையாதாம். அடுத்த வருடம் மே மாதம் அவருக்கு ஓய்வு. ஸ்கேல் யாருக்குப் போகும் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் தீர்மானிக்கிறவர்கள் யார் என்று எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் என்றால் மேலே ஒரு நிர்வாகக் குழு இருக்கும், வருடத்துக்குச் சில தடவை கூடி வரவுசெலவு, கட்டணம், புதுப் படிப்பு, எத்தனை பணியிடம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கையேட்டில் படத்தோடு போட்டிருந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள், தொழிலதிபர்கள், முன்னாள் துணைவேந்தர்கள். பையன் தேடிப் பார்த்துவிட்டு ஒருத்தர்கூட நம்ம பக்கம் குடியிருக்கறவர் இல்லப்பா என்றான். இருந்தாலும் டோக்கன் எடுக்கப் போவதில்லை, அது வேறு.

2025-ல் எனக்கே அந்த உலகத்தை எட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. பல்கலைக்கழகங்களின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிற நாக் குழு வரப்போகிறது, அதற்கு முன்னால் பெற்றோர் கருத்துக் கேட்பு வேண்டும், பேராவூரணிப் பக்கமிருந்து ஒருவர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாக் வருகிறது என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கல்யாண வீடு தோற்றுப்போகும், காம்பவுண்டுச் சுவரிலிருந்து மரத்தின் அடிப்பாகம் வரை சுண்ணாம்பு. மூன்றாவது மாடியில் வட்ட மேசை ஹால். பாதாம் பால், முந்திரிப் பக்கோடா. நிர்வாகக் குழு உறுப்பினர் இருவர் வந்திருந்தார்கள். திரையில் படம் படமாக ஓடியது: புது ஹாஸ்டல், புது லேப், 2030-க்குள் இன்னும் எத்தனை ஆயிரம் பிள்ளைகள், இன்னொரு வளாகம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் புது ஆறுதான் ஞாபகம் வந்தது. கல்லணைக் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது, தொண்ணூறு வயதானாலும் புது ஆறுதான். அதைச் சீரமைக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், கரைக்கெல்லாம் கான்கிரீட் போட்டார்கள். நல்லதுதான். ஆனால் கடைமடைக்காரனான எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும், ஆறு கண்ணாடி மாதிரி இருந்தாலும், நடுவில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் இடம் காலியாக இருந்தால் தலைமடையில் தேங்கி வழியும், எங்கள் வாய்க்காலில் நண்டு காயும். லஸ்கருக்குப் படம் பிடித்துத் திரையில் போட மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான், அந்த ஸ்கேல் வைத்த அம்மா எந்தப் படத்திலும் வரவில்லை.

என் முறை வந்ததும் இரண்டே விஷயம் கேட்டேன். டிசம்பர் 10-ஐ பிப்ரவரிக்குத் தள்ள முடியுமா, கவுண்டரில் இன்னும் நாலு பேரைப் போட முடியுமா. ஒரு உறுப்பினர் நிஜமாகவே கவனித்துக் கேட்டார். அறுவடை எப்போது, கொள்முதல் பணம் வர எத்தனை நாள் ஆகும் என்று இரண்டு கேள்விகூடக் கேட்டார், நோட்டில் எழுதினார். பக்கத்தில் இருந்தவர், “நல்ல சஜஷன், டிஜிட்டலா இன்னும் ஸ்ட்ராங் பண்ணப் போறோம்” என்றார். நான் டிஜிட்டல் கேட்கவில்லையே ஐயா, ஆள்தானே கேட்டேன் என்று சொல்வதற்குள் மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. பல்கலைக்கழகத்தின் வளர்ச்சியைப் பெற்றோர்கள் வெகுவாகப் பாராட்டினர் என்று ஒரு வரி. பாதாம் பால் நன்றாகத்தான் இருந்தது, அதை வேண்டுமானால் பாராட்டினேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆள் நிறையப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சிதம்பரம் கதை டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தொலைதூரக் கல்வி, மருத்துவம், பொறியியல் என்று வளர்ந்து வளர்ந்து ஆசிரியரும் அலுவலருமாக 12,000 பேருக்கு மேல் சம்பளம் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தது. 2012 நவம்பரில் சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று போராட்டம், 2013 ஏப்ரலில் அரசு சிவதாஸ் மீனா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அனுப்பியது, அதே வருடம் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொண்டது. உபரி ஆட்களை அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். அங்கே ஆள் அதிகம், பணம் இல்லை. இங்கே பணம் இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் கூடக்கூட இந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. கட்டடம் அவசரமே இல்லை என்பது என் கட்சி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் 2009-ல் கலெக்டர் ஆபீஸ் இணைப்புக் கட்டடத்தில்தான் ஆரம்பித்தது, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. என் மைத்துனர் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ராமானுஜனுக்கே உதவித்தொகையை நிறுத்திய கும்பகோணம் காலேஜ் இருக்கிற மண் மாமா இது, ஆபீஸ்காரர்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பார்.

பெரியவள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 2023-ல் ஜெர்மனியில் மேற்படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த சான்று, கேட்டாள். பழைய ஹாலை இடித்தபோது 2020-க்கு முந்தைய பதிவேடுகளை மூட்டை கட்டி எங்கோ வைத்திருக்கிறார்கள், எந்த மூட்டை என்று தெரியவில்லை. 43 நாள். கடைசியில் யார் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது சேர்க்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலது. பட்டம் பெறத் தகுதி வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் பட்டத்தைக் கொடுக்கவேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், விதி, சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கவில்லை, பட்டமளிப்பு விழா தள்ளிப்போகிறது என்பதெல்லாம் நம் கவலை இல்லை. சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்து விலகினால் பாதிப் பணம்தான் என்று சொல்வார்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள். 2023-ல் பக்கத்து வீட்டு அண்ணன் மகன் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி கிடைத்து ஆகஸ்டில் விலகினான், அந்த வருடம் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணமும், அக்டோபர் 31-க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியும் தரவேண்டும் என்று யு.ஜி.சி. சுற்றறிக்கை இருந்தது. அதை அச்செடுத்து மேலே வைத்து ஒரு கடிதம் கொடுத்ததும் முழுப் பணமும் வந்தது. ஒவ்வொரு வருடமும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அப்புறம், 2023 ஏப்ரலிலிருந்து எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும், புகாரைப் பதினைந்து வேலை நாளுக்குள் பார்த்து முடிக்கவேண்டும், அதிலும் திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர், ஓய்வு பெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ, அவரிடம் போகலாம். எங்கள் இடத்தின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் ‘விரைவில்’ என்று போட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது.

சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம், வாத்தியார்களுக்காக. ஆனால் போய்ப் பார்க்கிற அன்று அந்தக் குளிர்சாதனத் தளத்தோடு திரும்பிவிடாமல், யாரிடமும் சொல்லாமல் தரைத்தளத்துக்கு இறங்கி அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், டோக்கன் எத்தனை ஓடுகிறது என்று. திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் போனால் நன்றாகத் தெரியும்.

பையன் இரண்டாவதாகக் கட்டிய அந்த 1,500 இன்னும் வரவில்லை. வரவு இருக்கிறது, திருப்பிக் கொடுக்க ஆறாவது மாடியில் கையெழுத்து வேண்டும் என்று அந்த அம்மா சொன்னார். வந்தால் இதற்குக் கீழேயே எழுதி ஆபீஸ் மார்க்கை இரண்டாக்குகிறேன்.